கிருமியும் இல்லை, விஷமும் இல்லை

நான் வேலை பார்த்த கம்பெனி ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே முப்பது கம்ப்யூட்டர்கள். ஜன்னல்களுக்குக் கம்பி, கம்பிக்குப் பின்னால் கறுப்புக் காகிதம். வெளிச்சம் பட்டால் திரையில் எழுத்து தெரியாதாம். வருடம் இரண்டாயிரம் ஆனதும் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று உலகமே பயந்து, ஒன்றும் ஆகாமல் போனதே, அதற்கு அடுத்த வருடம் அது. நான் பி.ஃபார்ம் முடித்து, கல்யாணமாகி, வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று என் ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் வாங்கி ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் திருப்பித் தருவார்களாம். அப்போது ஊரில் பல கம்பெனிகளில் அதுதான் வழக்கம், யாரும் கேள்வி கேட்பதில்லை. ஐந்து மணிக்கு முன்னால் வெளியே போக வேண்டுமென்றால் டீம் லீடர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டும். அதில் காரணம் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் செக்யூரிட்டி கேட்டைத் திறக்க மாட்டார்.

வேலை இதுதான். உலகத்தில் விற்கும் மருந்துகளையெல்லாம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மருந்து டப்பாவுக்குள்ளும் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டைப் பார்த்து, அது எந்த இனம், அந்த இனத்துக்குள் எந்தக் கிளை என்று முடிவு செய்து ஓர் எண் கொடுக்க வேண்டும். ஒரு மருந்துக்கு ஒரே ஓர் இடம்தான். இங்கேயும் இருக்கட்டும் அங்கேயும் இருக்கட்டும் என்று சொல்ல முடியாது. எங்குமே பொருந்தவில்லை என்று விட்டுவிடவும் முடியாது. சந்தேகம் வந்தால் மஞ்சள் சீட்டில் எழுதி டீம் லீடர் மேஜையில் வைப்போம். துண்டுச்சீட்டில் மருந்தின் சேர்மானமும் முதன்மைப் பயனும் மட்டும் படித்தால் போதும், மிச்சத்தைப் படித்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

எனக்கு விழுந்தது ஆன்டிபாடி மருந்துகள், அதாவது எதிர்ப்பொருளை நேராக உடம்புக்குள் ஏற்றுபவை. தடுப்பூசி வேறு, இது வேறு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் இப்படிச் சொல்லுவேன்: தடுப்பூசி உடம்புக்குச் சமைக்கக் கற்றுக்கொடுப்பது, இது ஓட்டல் சாப்பாட்டை வாங்கிவந்து கையில் கொடுப்பது. பசி உடனே தீரும், அடுத்த மாதத்துக்கு உதவாது. இதில் முதல் பிரிவு குதிரைகள். விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றினால் அதன் ரத்தம் எதிர்ப்பொருளைத் தயார் செய்யும், அந்த ரத்தத்தின் தெளிந்த நீர்தான் மருந்து. பாம்புக்கடி, தேள்கடி, தொண்டை அடைப்பான் எல்லாம் அங்கே போகும். இரண்டாவது பிரிவு மனித ரத்தத்திலிருந்து எடுப்பது. டெட்டனஸ், காமாலை பி. வெறிநாய்க்கடிக்கு இரண்டிலுமே மருந்து உண்டு, எதிலிருந்து எடுத்தது என்று பார்க்காமல் எண் போட்டால் மாட்டிக்கொள்வோம். ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்தெடுக்கிற புது வகை ஒன்றிரண்டு அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. ஓர் இதய மருந்து அளவு மீறிப்போனால் அதை முறிக்க ஆட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்டிபாடி ஒன்று உண்டு. அதை நான் குதிரைகளோடு சேர்த்தேன், திரும்பி வந்தது. அதன் இடம் முறிவு மருந்துகளோடாம்.

அந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆன்டி-டி என்று பெயர். தாயின் ரத்தம் நெகடிவ், குழந்தையின் ரத்தம் பாசிடிவ் என்றால், பிரசவத்துக்குப் பின் தாய்க்குப் போடுகிற ஊசி. மனித ரத்தத்திலிருந்து வருவது, சரி. ஆனால் அது எதிர்ப்பது எதை? கிருமியும் இல்லை, விஷமும் இல்லை. தாயின் உடம்புக்குள் கசிந்து வந்துவிட்ட அவள் குழந்தையின் ரத்தத்தை. டெட்டனஸுக்கும் வெறிநாய்க்கும் நடுவில் ஒரு குழந்தையின் ரத்தத்துக்கு என்ன வேலை என்று மஞ்சள் சீட்டு எழுதினேன். ‘இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கும் வகைப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கே தெரியும். என் ரத்தம் ஓ நெகடிவ்.

அதனாலேயே எனக்கு ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. அந்தப் பையனின் சித்தி நர்ஸ். பேச்சோடு பேச்சாக ரத்த வகையைக் கேட்டார், நான் சொன்னேன். ‘நெகடிவா? பிள்ளை தங்கறது கஷ்டமாச்சே’ என்று காபியைக் கீழே வைத்தார். அதோடு அவர்கள் வரவே இல்லை. இனி யார் கேட்டாலும் பாசிடிவ் என்று சொல் என்று அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அடுத்து வந்த வரன் வீட்டில் ஜாதகம் கேட்டார்கள், ரத்தம் கேட்கவில்லை. கேட்டது கல்யாணமான மூன்றாவது மாதம். கணவரின் ஆபீஸில் இன்சூரன்ஸ் கார்டு போடுவதற்கு ஃபாரம் கொடுத்திருந்தார்கள். மல்லேஸ்வரம் வீட்டில் அவர் தரையில் உட்கார்ந்து, தனக்கு ஏ பாசிடிவ் என்று எழுதிக்கொண்டே, ‘உன் பிளட் குரூப் என்ன?’ என்றார். பக்கத்தில் அவர் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ‘ஓ பாசிடிவ்’ என்றேன். அம்மாவின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது, அந்தப் பொய் என் வாயிலிருந்துதான் வந்தது.

மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். மாமனார் இல்லை. இரண்டு அறை வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அத்தை காய்கறிக்காரனோடு கன்னடத்தில் சண்டை போடுவார், வீட்டுக்கு வந்து அதே சண்டையைத் தமிழில் எனக்குச் சொல்லிக்காட்டுவார். கெட்டவர் இல்லை. ஆனால் கண் தப்பாது. பால் ஒரு டம்ளர் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவரிடம் ஒரு பொய்யோடு வாழ்வது எப்படியிருக்கும் என்று வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் உண்டானபோது, மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது, ஆஸ்பத்திரியில் பேர் பதிவதும் அப்புறம்தான் என்று அத்தை கண்டிப்பாகச் சொன்னார். பேர் பதிந்தால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். தள்ளிப்போவது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஏதாவது வழி யோசிக்கலாம் என்று நாளைக் கடத்தினேன். ஒரு வழியும் தோன்றவில்லை.

ஒன்பதாவது வாரம், ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துபோனது. தெருக்கோடி நர்சிங் ஹோமில் ஸ்கேன் செய்து பார்த்த டாக்டரம்மா, எல்லாம் முழுசாக வந்துவிட்டது, சுத்தம் செய்யத் தேவையில்லை என்றார். பிறகு கன்னடத்தில் பிளட் குரூப் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பையிலிருந்து இன்சூரன்ஸ் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டரம்மா அதைப் பார்த்து எழுதிக்கொண்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊசி பிரசவத்துக்குப் பின்னால் போடுவதுதானே, இது பிரசவம் இல்லையே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். கல்லூரியில் அந்த ஒரு வரிதான் படித்திருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிறும் திங்களும் அத்தை என்னை எழுந்திருக்கவே விடவில்லை. பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார், காலை அமுக்கிவிட்டார். ‘போனது போவட்டும்மா, ஒடம்பு தேறுனா போதும்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செவ்வாய்க்கிழமை அவர் தடுக்கத் தடுக்க ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன். லீவுக்கு வைரல் ஃபீவர் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு ஆன்டிபாடி பட்டியலை முழுதாக அனுப்ப வேண்டிய நாள். மிச்சமிருந்த துண்டுச்சீட்டுகளில் ஏதோ ஒரு நாட்டின் ஆன்டி-டி ஒன்று வந்தது. பார்க்காமலேயே எண் போட்டிருப்பேன். ஆனால் அந்தச் சீட்டில் பயன்களை ஒரே வரியில் எழுதாமல் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பிரசவம். அதற்கு அடுத்த வரி, கருச்சிதைவு. அதற்குக் கீழே தடித்த எழுத்தில், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

விரல் விட்டு எண்ணினேன். சனி ஆறு, ஞாயிறு ஆறு, திங்கள் ஆறு, செவ்வாய் ஆறு. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. இன்னும் ஆறரை மணி நேரம். ஊசி போடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே சீட்டில் இருந்தது. குழந்தையின் ரத்தம் கொஞ்சம் உள்ளே கலந்திருந்தாலும் போதும், தாயின் உடம்பு அதற்கு எதிராக ஆயுதம் செய்து வைத்துக்கொள்ளும். அடுத்து வரும் குழந்தையை அது தாக்கும். அதற்கு அடுத்ததை இன்னும் பலமாகத் தாக்கும். ஒருமுறை அந்த ஆயுதம் உண்டாகிவிட்டால் பிறகு எந்த ஊசியும் உதவாது. பட்டியலில் அதற்கு மேலே வரிசையாக இருந்த அத்தனை மருந்துகளும் ஆயுதத்தைக் கொடுப்பவை, இது ஒன்றுதான் ஆயுதம் உருவாகாமல் தடுப்பது. நான் அதை எங்கே வைப்பது என்று சண்டை போட்டேனே தவிர, என்னவென்று முழுதாகப் படிக்கவில்லை.

கேட் பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு டீம் லீடரிடம் போனேன். அவர் கன்னடக்காரர், என்னிடம் தமிழில் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்.

‘இன்னிக்கா? நாலு மணிக்கு டெலிவரி இருக்கும்மா. உன் செட்டை வேற யாரு முடிப்பாங்க? காய்ச்சல் திரும்பி வந்துச்சா?’

‘இல்ல சார். பர்சனல்.’

‘பர்சனல்னு எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க. ரீசன் போடணும். மதியம் மூணுக்கு மேல போயேன்.’

மூன்றுக்கு மேல் போனால் ரத்தம் சோதித்து, ஊசியைத் தேடிப் பிடித்துப் போட நேரம் இருக்காது. இதை ஓர் ஆணிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. பின்னால் பத்துப் பேர் தட்டச்சுப் பலகையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய் அந்தத் துண்டுச்சீட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்து, இரண்டாவது வரியில் விரலை வைத்தேன். பிறகு தடித்த எழுத்துக்கு நகர்த்தினேன்.

அவர் படித்தார். இன்னொருமுறை படித்தார். என் முகத்தைப் பார்க்காமல், ‘எப்போ?’ என்றார்.

‘சனிக்கிழமை.’

காரணக் கட்டத்தில் அவரே ‘காய்ச்சல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரிசப்ஷன் போனின் பூட்டுச் சாவியையும் கொடுத்தார். ‘நான் முடிச்சுக்கிறேன், நீ போம்மா’ என்றார். வேலைக்கு நடுவில் போனதற்காக எனக்கு அடுத்த நாள் மெமோ வந்தது, அது வேறு கதை.

கணவர் யஷ்வந்த்பூர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இருந்தார். அவரை லைனுக்குக் கூப்பிட்டுவர ஏழு நிமிடம் ஆனது. என்ன ஆச்சு, ரத்தம் போகிறதா என்றுதான் முதலில் கேட்டார்.

‘அதில்லங்க. என் ரத்தம் பாசிடிவ் இல்ல. நெகடிவ். நான் பொய் சொல்லிட்டேன். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள ஒரு ஊசி போடணும்.’

ரிசப்ஷன் பெண் பேப்பரைப் புரட்டுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

‘ஒன்றர வருஷமாவா?’ என்றார்.

‘ஆமாங்க.’

‘சரி. கேட்லயே நில்லு.’

ஸ்கூட்டரில் வந்தார். நர்சிங் ஹோமில் விரலைக் குத்திக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா முதலில் என்னைத் திட்டினார், பிறகு கார்டை நம்பிய தன்னையே திட்டிக்கொண்டார். அவர் எழுதிக் கொடுத்த ஊசி பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. குளிரில் வைக்க வேண்டிய மருந்து, கேட்பவர்கள் குறைவு, யாரும் வாங்கி வைப்பதில்லை. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் கிடைத்தது. தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் போட்டுக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தபோது, சிக்னல் ஒன்றில் அவர் திரும்பாமலே சொன்னார்: ‘அம்மாகிட்ட சொல்லாட்டிப் போவுது. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.’ நான் டப்பாவின் மூடியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தே காலுக்கு ஊசி போட்டார்கள். நேரத்துக்குள் போட்டாகிவிட்டது என்று நர்ஸ் சொன்னதும் நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இன்னும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அத்தை கூடத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து, அதுவும் பொழுதோடு வந்ததைப் பார்த்ததும் கை நின்றது. கணவர் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரத்த வகை, பொய், ஊசி. நான் கதவோரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். ஊருக்குக் கிளம்பு என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். பஸ்ஸில் எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்பதுவரை மனது போய்விட்டது.

‘ஊசி போடலேன்னா என்ன ஆவும்?’ என்றார் அத்தை. என்னிடம்தான் கேட்டார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்வதுபோல் சொன்னேன். ‘மொதல் கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது அத்த. நல்லாப் பொறக்கும். ஆனா அதோட ரத்தம் அம்மா ஒடம்புல கலந்துட்டா, அம்மா ரத்தம் அத எதிரின்னு நெனச்சுக்கும். அடுத்து வர்ற கொழந்தையோட ரத்தத்த அழிக்கும். தங்காது. இல்லன்னா மஞ்சளாப் பொறக்கும்.’

‘மஞ்சளாவா?’

‘ஆமா.’

‘பொறந்த அன்னிக்கேவா?’

‘ஆமா அத்த. அன்னிக்கே.’

அவரைக்காய்த் தட்டைத் தள்ளி வைத்தார்.

‘இவனுக்கு அப்புறம் எனக்கு மூணு’ என்றார். ‘ரெண்டு பொண்ணு, ஒரு ஆணு. மொதல்ல வந்த பொண்ணு அஞ்சு நாள் இருந்துச்சு. நகமெல்லாம் மஞ்சள். அடுத்தது ஒரே நாள். கடைசிப் பையன் வயித்துலயே போயிட்டான்.’

கணவர் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இது எதுவுமே தெரியாது. தான் ஒற்றைப் பிள்ளை என்று மட்டும்தான் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

அத்தை அழவில்லை. ஏதோ கணக்கு ஒப்பிப்பவர்போல் சொல்லிக்கொண்டே போனார். மூன்றாவதும் போன பிறகு அவருடைய மாமியார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டாராம். பிள்ளையை முழுங்கினவள் என்றுதான் கூப்பிடுவாராம். வளைகாப்புக்கு, பேர் வைப்புக்கு யாரும் அழைப்பதில்லை. அழைத்தாலும் குழந்தையைக் கையில் தர மாட்டார்கள். ஊரைவிட்டு பெங்களூர் வந்ததே அதனால்தானாம். மூன்று மாதம் யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னை ஏன் அத்தனை கண்டிப்பாக வைத்திருந்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது. அவர் கண் பட்டுவிடும் என்று அவருக்கே பயம். நான் அவருக்குப் பயந்து ஒளித்தேன், அவர் தனக்குப் பயந்து ஒளித்தார். ஒரே வீட்டில், இரண்டு அறைகளில்.

‘என்னுது என்ன ரத்தம்னு பாக்க முடியுமா?’ என்றார்.

அந்தச் சனிக்கிழமை மார்க்கெட் பக்கத்து லேபுக்குக் கூட்டிப்போனேன். இரும்புப் பெஞ்சில் என் பக்கத்தில், புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அரை மணியில் சீட்டு வந்தது. ஏ நெகடிவ். வெளியே நடைபாதையில் பூக்கடைக்குப் பக்கத்தில் நின்று அதைப் படித்துச் சொன்னேன்.

‘இதாலதானா?’

‘இத்தன வருஷம் கழிச்சு நூத்துக்கு நூறுன்னு சொல்ல முடியாது அத்த. ஆனா மொதல் பிள்ள நல்லா இருந்து, அடுத்த மூணும் அப்படிப் போச்சுன்னா, இதாத்தான் இருக்கணும்.’

‘அந்த ஊசி அப்ப இருந்துச்சா?’

இருந்தது. எங்கள் பட்டியலில் அது முதன்முதலில் விற்பனைக்கு வந்த வருடம் போட்டிருந்தது, அந்த மூன்று பிள்ளைகளுக்கும் முந்திய வருடம். அவர் ஊருக்கு வரவில்லை, அவ்வளவுதான். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பொய் சொல்லிப் பட்டது போதும் என்று, ‘இருந்துச்சு அத்த’ என்றேன்.

சீட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். பூ வாங்க வந்த பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

‘அப்ப நான் முழுங்கலடி’ என்றார்.

‘இல்ல அத்த. நீங்க முழுங்கல.’

‘இன்னொரு தடவ சொல்லு.’